ஒன்றரை அங்குலம்

கேக் சாயுதாம்.
அதற்காகத்தான் வந்திருந்தார் கிருபைராசா,
தம்பிலுவிலில் இருந்து, ஒரு பழைய ஸ்டார்லெட்டில்.
பின்சீற்றைக் கழற்றிப் பலகை அடித்து
அதன்மேல் ஈரச் சாக்கு விரித்திருந்தார்.

மூன்று தட்டுக் கல்யாணக் கேக்.
மனிசி சுடுவா, இவர் கொண்டுபோவார்.
கோமாரி வளைவு வந்தால் மேல்தட்டு மட்டும்
மாப்பிள்ளை பொம்பிளையைச் சுமந்துகொண்டு
பொத்துவிலுக்கு வேறு பாதை பார்க்குமாம்.

"ஸ்பிரிங்கை வெட்டுவமா?"
"வெட்டியாச்சு. காணாது.
எஞ்சினை இறக்கித் தாங்க."

றம்ஸீன் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கி
என்னைப் பார்த்தான்.
அக்கரைப்பற்றில் இந்தப் பதினெட்டு வருசத்தில்
எஞ்சினை இறக்கச் சொன்ன எல்லாரும்
மறுகா ஏற்றச் சொன்னவர்கள்தான்.
இவருக்கு
இறங்கின இடத்திலேயே அது இருக்கவேண்டும்.

கேட்டதில் பிழையில்லை.
வைக்கோல் ஏற்றின லேண்ட்மாஸ்டர் பெட்டி
வாய்க்கால் கட்டில் எப்படிப் போகும்,
அதே பாரத்துக்கு மணல் ஏற்றினால் எப்படிப் போகும்
என்று வட்டைக்குள் போய்வந்த எவருக்கும் தெரியும்.
பாரம் ஒன்றுதான்.
எந்த உயரத்தில் குந்தியிருக்கிறது என்பதுதான் கதை.

ஆனால் இரும்பு சொன்னவுடன் கேட்காது.
எஞ்சின் மட்டும் பதிந்தால்
கியர்பொக்ஸ் வாலைத் தூக்கும்.
அதையும் பதித்தால் புரொப்பெல்லர் கோணம் மாறி முனகும்.
ஃபேன் இலை றேடியேற்றரின் கீழ்விளிம்பைத் தேடும்.
சம்ப் வந்து குறுக்குச் சட்டத்தில் அமர்ந்துகொண்டு
இனி ஏலாது என்னும்.

செயின் புளொக்கில் அது தொங்கிய ஒரு கிழமையும்
அடிமட்டமும் சோக்குக் கோடுமாய்க் கிடந்தோம்.
சம்பை வெட்டி, ஆழம் குறைத்து, அகலம் கூட்டி
உள்ளே நாலு தகடு ஒட்டினான் றம்ஸீன்.
வளைவில் ஒயிலும்
கேக்கைப் போலவே ஒருபக்கம் ஒதுங்கும்,
பம்ப் காற்றைக் குடிக்கும்.

கிடைத்தது ஒன்றரை அங்குலம்.
பெருவிரல் நீளம்கூட வராது.
அதற்குள் ஒரு மாதக் கரண்ட் பில்லும்
றம்ஸீனின் இடக்கைத் தோல் கொஞ்சமும் போயிருந்தன.

ஓடிப் பார்க்க என்று நான் எடுத்துப் போனேன்,
இஷாத் தொழுகை முடிந்து, கேக் இல்லாமல்.
திருக்கோவில் தாண்டினால் இடப்பக்கம் கடல்.
கோமாரி வளைவில் எழுபதில் ஸ்டீயரிங்கைக் கிறுக்கினேன்.

வழமையாக அந்த இடத்தில்
உடம்பு கதவுப் பக்கம் போகும்,
மனம் கொஞ்சம் பிந்தி வந்து சேரும்.
அன்று எதுவும் எங்கேயும் போகவில்லை.
ரோட்டும் நானும்
ஒரே நேரத்தில் கிறுகினோம்.

அங்கால போய்த் திருப்பிக்கொண்டு வந்து
இன்னொரு தரம்.
பில்லில் எழுதாத பெற்றோல்.
இன்னும் ஒரு தரம்.

சனிக்கிழமை கேக் பொத்துவில் போனது.
நாலு மணிக்குக் கோல்:
மாப்பிள்ளையும் பொம்பிளையும்
மேல்தட்டில் அசையாமல் நிற்கிறார்களாம்.
மண்டப வாசல் மேட்டில் அடிபட்டு
சம்ப் பிளந்துபோச்சாம்.

நாங்கள் போனபோது
கேற்றிலிருந்து பந்தல்கால் வரைக்கும் கறுப்புக் கோடு.
அதன் நுனியில் கார்.
காருக்குக் கீழே, வெள்ளைச் சேட்டோடு, கிருபைராசா.
பக்கத்தில் அவருடைய மனிசி ஜெயறூபி
ஐசிங் ஒட்டின விரலை மடக்கியபடி:
"மெதுவா ஓடியிருந்தா
ஒரு சதமும் முடிஞ்சிருக்காதே?"
என்னிடம்தான் கேட்டா.

அந்தக் கேள்வியை
எஞ்சின் இறக்குவதற்கு முன்னமே
நான் கேட்டிருக்கவேண்டும்.

கீழே குனிந்தேன்.
சில்லுக்கு அங்காலிருந்து ஒரு சோடிக் கண்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
சொல்லிப்போடாதே என்ற பார்வை இல்லை அது.
நீயும் ஓடிப் பார்த்தாய்தானே
என்ற பார்வை.

"அடித்தகடு ஒண்டு போட வேணும்" என்றேன்,
நிமிராமலே.
"மூண்டு மில்லிமீற்றர்.
மறுகா, மேட்டில மட்டும்
மெதுவாப் போங்க."