கை எண்ணியவள்

ரூஷ்மாட் ஊராட்சியின் மார்கழிக் கூட்டம்.
உடற்பயிற்சி மண்டபத்தில்
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் கதிரைகள்.
இந்த மண்டபத்தையே
கம்பிகளை விற்ற காசில்தான் கட்டினார்களாம்.
மின்கம்பம், பெட்டி, நிலத்தடி வயர்
இருபத்தாறு வருஷம் முன்பு
ஒரே கையெழுத்தில் கம்பெனிக்குப் போயின.
இன்று நான்காம் தீர்மானம்:
அவற்றைத் திரும்ப வாங்குவது.
விற்றதைப்போல் ஐந்து மடங்கு விலை.

ஊர்த்தலைவி ரெகூலா ஆம்ஷ்டுட்ஸ்
சுவரில் கணக்குக் காட்டுகிறாள்.
முப்பத்தெட்டு லட்சம் ஃபிராங் கடன்.
அதில் பாதிக்குப் பத்திரம்,
ஆயிரம் ஆயிரமாய் ஊராரே வாங்கலாம்.
சீட்டுப் பிடிக்கிறார்கள் என்று
வீட்டில் சொல்லியிருந்தேன்;
ஓடிப்போக முடியாத தாச்சி, ஊராட்சி.
சீட்டில் ஒருமுறை பத்தாயிரம் விட்டவர்
சிவபாதம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பால்பண்ணை பிக்லர் எழுந்தார்:
"பனியில் கம்பி அறுந்தால் ஏறுவது யார், நீங்களா?"
"போன ஜனவரியில் அறுந்தபோது
கம்பெனியின் தொலைபேசி
நாற்பது நிமிஷம் பியானோ வாசித்தது.
நீங்கள் பாலைக் கீழே ஊற்றினீர்கள்."
உட்கார்ந்தார். மனம் மாறியதா, தெரியவில்லை.

ஏறுகயிறு தொங்கும் இடது ஓரம்
வாக்கில்லாதவர் வரிசை.
பதினொரு வருஷம் நானும் அங்கே இருந்தவள்.
சிவபாதம் இன்னும் அங்கேதான்.
மீற்றர் மட்டும்
எல்லோருக்கும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது.

எண்ணுவதற்கு மூன்று பேர். வலப்பக்கம் எனக்கு.
கையுறையோடு ஒரு கை,
பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு கை,
பாதி உயர்ந்து, பக்கத்தைப் பார்த்து,
பிறகு முழுதாய் உயர்ந்த கை.
ஆதரவு எண்பத்தாறு.
எதிர்ப்பு எண்பத்தாறு.

"எண்ணியவர்கள் உங்களையும் எண்ணினீர்களா?"
எழுத்தர் கேட்டார்.
மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.
நான் துண்டுக் கடதாசியைப் பார்த்தேன்.
எண்ணுவதே வாக்கு என்பதுபோல்
என் கை கீழேயே இருந்திருக்கிறது.

பிக்லர் என்னைப் பார்த்தார்.
கயிற்றடியிலிருந்து சிவபாதமும் பார்த்தார்;
வரும் வழியெல்லாம் அவர் சொன்னது
'கடன் வேண்டாம்' என்ற ஒன்றைத்தான்.
மறுபடி கேட்டார்கள்.
பேனாவை வைக்க இடமில்லை,
அதோடு சேர்த்தே தூக்கினேன்.

சித்திரையில் முதல் பில் வந்தது.
கம்பெனியின் நீல மின்னல் இல்லை;
ஊரின் முத்திரை, கொஞ்சம் கோணலாய் அச்சாகி.
யூனிட்டுக்கு ஒரு ராப்பன் அதிகம்.
சிவபாதம் அதைக் குளிர்சாதனப் பெட்டியில்
என் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கிறார்.
ஓரத்தில் பென்சிலால்:
'தாச்சிக்கு வணக்கம்.'