குழாய்

காலை ஐந்தரை. காரைக்குடி சந்தைக் கடையில்
சிக்கந்தர் எனக்கென எடுத்துவைப்பார்
ஆட்டு இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயை.
ஐஸ் போட்ட தூக்குவாளி. பேருந்தில்
யாரும் கேட்டதில்லை, உள்ளே என்னவென்று.

இருபத்தாறு வருடம்.
நீளவாக்கில் கீறி விரித்தால்
வெள்ளைக்கரு தேய்த்த இந்த ஊர்ச் சுவர்போல
விரல் வழுக்கும் உட்புறம்.
ஒற்றைச் செல் கனம்தான் அந்தத் தோல்.
ஓட்டத்தின் வேகத்தை மாற்றி மாற்றி
எங்கே முதலில் உரிகிறதென்று பார்ப்பது
என் உத்தியோகம்.

சுவரில் மினுங்கும் சுண்ணாம்பு
குழாயில் படிந்தால் கொல்லும்.
இந்த ஒரு வரிக்குப் பதினெட்டுக் கட்டுரைகள்.
திரும்பி வந்தவை தனி.

"ஆட்டுக்கு அடைப்பே வராதாம்மா?"
"அபூர்வம்."
"அப்ப திங்கிறவனுக்குத்தான்" என்று சிரித்தவர்
மாசியில் மதுரை போய்
இரண்டு ஸ்டென்டோடு வந்தார்.
அவர் தந்த ஆஞ்சியோ குறுவட்டை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்,
படிப்பறியாதவள் மாதிரி.
வானவில்லும் என் மூக்கும் தெரிந்தன.

இன்று கத்தி மகன் கையில்.
சிக்கந்தர் கல்லாவில். காசு வாங்கவில்லை.
வாளியை எட்டிப் பார்த்தார்.
"நம்ம பைப்பும் ஒரு காலத்துல
இப்படித்தான இருந்திருக்கும்?"

இன்னும் கொஞ்சம் ஐஸ் போடச் சொன்னேன்.