மூன்றரையிலிருந்து பதினாறு வரை

சந்தையில் பதினெட்டு யூரோ.
சோப்புக்கட்டி அளவில் ஒரு கமரா,
இடது தோளில் சிறு நெளிவு.
விற்றவன் விலைச்சீட்டை
நெளிவின் மேலேயே ஒட்டியிருந்தான்.

வேலையில் நான் ரப்பர் வளையங்களுக்குத் தரம் பார்ப்பவன்.
மில்லிமீற்றரில் பத்திலொன்று பிசகினாலும்
சிவப்புப் பெட்டிதான்.
எதையும் சும்மா நம்பிப் பழக்கமில்லை.

டோர்ட்முண்ட் வடநகர், ஞாயிறு காலை.
ஈயநிற வானம். லென்ஸைச் சோதிக்க இதுதான் வெளிச்சம்,
நிழலில்லை, சலுகையில்லை.
ட்ராம் பணிமனைக்கு எதிரே ஒரு செங்கல் சுவர்.
அளந்து இழுத்த சாந்துக்கோடுகள்.
இடது மேல் மூலையில் மட்டும் ஒரு சன்னல்.
அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

முக்காலி, நீர்மட்டம், கம்பி விசை.
துளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம்.
எண்ணையும் வேகத்தையும் எழுதக் குனிந்த தலை
கடைசிவரை நிமிரவில்லை.

வியாழன் இரவு
ஒளிப்பெட்டியில் நெகட்டிவ், கண்ணில் உருப்பெருக்கி.

மூன்றரை: நடு பரவாயில்லை, ஓரமெல்லாம் அந்தி.
ஐந்து புள்ளி ஆறு: கோடுகள் எழும்புகின்றன,
சுவர் கொஞ்சம் வயிறு தள்ளி நிற்கிறது.
எட்டு: வலது மூலையில் செங்கலின் பொருக்குகூட எண்ணலாம்.
இடது மேல் மூலை மட்டும்
எட்டிலும் பதினொன்றிலும் மூச்சுப் பட்ட கண்ணாடி.
எப்போதோ யாரோ கைதவற விட்டிருக்கிறார்கள்.
உள்ளே ஒரு வில்லை சாய்ந்துவிட்டது.

பேனாவை எடுத்தபோதுதான் பார்த்தேன்.
சன்னலில் ஆள்.

திரும்ப முதலிலிருந்து.
மூன்றரையில் பனியன்
(நெகட்டிவில் கறுப்பு, ஆகவே வெள்ளை),
விரலிடையில் சிகரெட்.
நாலில் சிகரெட் இல்லை.
ஐந்து புள்ளி ஆறில் ஆளே இல்லை, திரை ஆடுகிறது.
எட்டில் சட்டை, கழுத்துவரை பொத்தான்,
தலை படிய வாரியிருக்கிறது போல.
பதினொன்றில் கோட்டு.
தூக்கிய கை ஒன்று
முப்பதிலொரு நொடிக்குள் அடங்காமல்
புகையாய் இழுபட்டிருக்கிறது.
பதினாறில்
சன்னல் சாத்தியிருக்கிறது.

பன்னிரண்டு படங்கள்.
ஒன்றிலாவது முகம் கிடைக்குமென்று
உருப்பெருக்கியை அழுத்தி அழுத்தி
கண்ணைச் சுற்றி வளையம் விழுந்ததுதான் மிச்சம்.

அறிக்கையில்
நடு: நன்று. வலது: மிக நன்று.
இடது மேல்: என்று எழுதி
அப்படியே விட்டிருக்கிறேன்.

நேற்று அந்தக் கட்டடத்தின் வாசலுக்குப் போனேன்.
மணிப்பலகையில் ஐந்து பெயர்கள்:
விச்சோரெக், ஒஸ்கயா, பிராண்ட்ஹோஃப், லுக்காஷ்,
ஐந்தாவது மழையில் ஊறி அழிந்துவிட்டது.
எதை அழுத்துவது? அழுத்தி என்ன சொல்வது?
நான் எடுத்தது சுவரை என்றா?

பையில் புது ரோல் இருக்கிறது.
கமராவைத் தலைகீழாகப் பிடித்தால்
அவருடைய சன்னல்
நல்ல மூலைக்கு வந்துவிடும்.
அவர்தான் இன்னொரு முறை
கோட்டுப் போட வேண்டும்.