கவட்டையின் கைப்பிடி

பாளையங்கோட்டையில் அன்று பகல் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன மாசானம்
முருகன்குறிச்சி சிக்னலில் நின்று போன் செய்தான்:
"எலிகளுக்கு வேர்க்காக்கா?"
எனக்கு வேர்க்கிறதா என்று கேட்கவில்லை.

முப்பத்தாறு எலிகள், மூன்று கூட்டம்.
ஒன்றுக்கு வெறும் உப்புநீர்.
ஒன்றுக்கு முழு எதிர்ப்பொருள்.
ஒன்றுக்குக் கைப்பிடி நறுக்கிய எதிர்ப்பொருள்.

உடைமரத்தில் வெட்டிய கவட்டை மாதிரி இருக்கும் அது.
இரண்டு கிளையும் பகையைப் பிடிக்கும்.
எல்லோரும் அந்தக் கிளைகளைத்தான் பேசுவார்கள்.
பிடித்ததும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் வரும்,
துளை போடும், கதை முடியும்
என்று பரீட்சைக்குப் படித்தேன்.
வந்தவை தீர்ந்துபோனால் மறுபடி யார் வடிப்பது?
ஐந்து மார்க் கேள்வியில் அது கிடையாது.

ஈரல் எடுக்கிற நாளில்
மாசானம் லீவு போட்டான்.
காரணம்: வயிற்றுவலி.
எனக்கும்தான் இருந்தது.

ராத்திரி பத்தரைக்குத் தட்டில் நிறம் ஏறியது.
மேலப்பாளையம் கடைசி பஸ் போயிருக்கும்.
உப்புநீர் வரிசை கழுநீராகக் கிடந்தது.
கைப்பிடி நறுக்கியதும் அதே கழுநீர்.
முழுசு மட்டும்
குழிக்குக் குழி பூவரசம்பூ.

ஈரலுக்குள் குடியிருக்கும் செல் ஒன்று
அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
ஐந்தாவது காம்ப்ளிமென்டை
இன்னும் வடி, இன்னும் வடி என்று
தன்னையே ஏவிக்கொள்கிறது போல.
சண்டைக்கு ஆள் கூப்பிட்டவனே
உலையும் ஏற்றச் சொல்லியிருக்கிறான்.

ஆனால் ஒன்பதாம் நம்பர்.
உப்புநீர்க் கூட்டத்து எலி,
அதன் குழியிலும் பூவரசம்பூ.
"பைப்பெட் பிழைம்மா, அடிச்சிரு" என்றார் பொன்னுலிங்கம் சார்.
மறுபடி போட்டேன்.
மறுபடி பூ.

மாசானம் தலையைச் சொறிந்தான்.
"அது வால்ல கடிபட்ட பயக்கா.
பத்துப் பன்னெண்டு நாளா சீழ்.
சொன்னா தூக்கிப் போட்டுருவீயன்னு
மஞ்சப்பொடி வச்சிவிட்டேன்."

ஊசி இல்லாமல், எங்கள் அட்டவணை தெரியாமல்,
கூண்டின் மூலையில் உட்கார்ந்து
தனக்கு வேண்டிய கவட்டையைத்
தானே வெட்டிக்கொண்டிருக்கிறது,
கைப்பிடியோடு.
அப்படித்தான் இருக்க வேண்டும்.
நிரூபிக்க
என்னிடம் வேறொரு ஒன்பது இல்லை.

நோட்டில் அந்த எண்ணின் மேல் கோடு இழுத்தேன்.
பக்கத்தில் எழுதினேன்: காயம். கணக்கில் சேர்க்கவில்லை.

பென்சிலால்தான்.