வெள்ளை ஒயர்

துப்பாயப்பேட்டை. மாடி வீடு. முப்பத்தாறு டிகிரி.
மெயினை அணைத்துவிட்டு
டெஸ்டரை இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.
பெயர் எழுதி ஒட்டிய சுவிட்சை நம்பக் கூடாது.

பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால்
உள்ளே கடல்.
திருகெல்லாம் பச்சை பூத்து,
ஓரமாய் ஒரு பல்லிமுட்டை ஓடு.
ஒயர்களைப் பிரிக்குமுன் போனில் படம் எடுத்துக்கொண்டேன்:
சிவப்பு, மஞ்சள், பச்சை,
நான்காவதாக
அழுக்கே படாத ஒரு வெள்ளை.

‘இது ஹீட்டருக்குப் போற ஒயர் முசியே.
மேல ஏறிப் பாத்தேன்,
டேப் சுத்தி அந்தரத்துல நிக்குது.
வெட்டிடட்டுமா?’

முசியே அமலோர்,
பதினெட்டு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளம்,
பேப்பரை மடித்தார். பேசவில்லை.
சமையலறையிலிருந்து மதாம்தான் சொன்னார்:
‘ஜனவரியில ஒருநாள் அதைத் திருப்புவாரு தம்பி.
டிக்குனு ஒரு சத்தம்.
உடனே கம்பளிச் சட்டையைத் தேடுவாரு.
வேர்த்து ஊத்தும், கழட்டமாட்டாரு.’

புதியதில் டிக் கிடையாது.
கண்ணாடித் திரை, தொட்டால் போதும்.
அதைச் சொல்ல வாயெடுத்து
சொல்லாமல்
வெள்ளையின் நுனியைச் சுரண்டி
டபிள்யூவில் நுழைத்து இறுக்கினேன்.

மெயினைப் போட்டு
ஒவ்வொன்றாய்த் தட்டிக் காட்டியபோது
திரையில் நகக்கண் அளவு நெருப்பு.
முசியே எழுந்து வந்தார்.
அதன் எதிரே
இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தார்,
கொஞ்ச நேரம்,
முதுகில் பனியன் ஒட்டியிருக்க.

பில்லில்
மூன்று ஒயர் என்றே எழுதினேன்.