எப்படி ஆடுவீங்க

பெரியமேட்டில், தோல் வாசனை தேங்கிய சந்தில்
மாடிப்படிக்குக் கீழே டென்னிஸ் மட்டைக் கடை.
"நீங்க எப்படி ஆடுவீங்க மேடம்?" என்றான் ஷர்புதீன்,
நரம்பு கட்டும் இயந்திரத்திலிருந்து கையெடுக்காமல்.

எவ்வளவுக்குள் வேண்டும் என்று கேட்பான் என நினைத்திருந்தேன்.
நாற்பத்து மூன்று வயதில்
இந்தக் கேள்விக்கு என்னிடம் சில்லறை இல்லை.

"அட்டாக்கிங்" என்றேன்.
சொன்ன வாய் எனக்கே புதிது.

முன்னூற்றுப் பத்து கிராம். கறுப்பு.
சின்ன முகம், விறைத்த கழுத்து,
கல்யாண மண்டபத்தில்
யாருக்கும் எழுந்து நிற்காத சம்பந்தி மாதிரி.
"பட்டா இடி. லேட்டா வந்தீங்கன்னா மன்னிக்காது.
ஒரு வாரம் வச்சுப் பாருங்க.
கீறல் விழுந்தா மட்டும் காசு."
கேட்காமலே இன்னொன்றையும் பையில் போட்டான்:
இருநூற்று எழுபது, அகல முகம்,
கத்தரிப்பூ நிறம்.
பார்க்கவே பிடிக்கவில்லை.

வியாழன் மாலை,
கீழ்ப்பாக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிமெண்ட் கோர்ட்.
சர்வீஸ் கோட்டில் ஒரு வெடிப்பு, வெடிப்பில் அருகம்புல்;
பந்து புல்லில் பட்டால்
அந்தப் பாயிண்டை மறுபடி ஆடவேண்டும், எங்கள் சட்டம்.
எதிரே எப்சிபா, பல் டாக்டர்.
நாளெல்லாம் ஊரை வாய் திறக்கச் சொல்பவள்
கோர்ட்டில் தன் வாயைத் திறக்கமாட்டாள்.

கறுப்பால் முதல் பந்தை அடித்தேன்.
வேலி தாண்டி, வாட்ச்மேன் நாற்காலி தாண்டி,
நின்றிருந்த லாரியின் முதுகில் விழுந்தது.
இரண்டாவது வலை. மூன்றாவதும் வலை.
நாலாவது,
இருபது வருடமாக நான் சொல்ல நினைத்த
ஒரு வாக்கியம் போல
நேரே போய் மூலையில் விழுந்தது.
எப்சிபா நகரவே இல்லை.
அந்த ஒன்றின் மயக்கத்தில்
ஒன்றுக்கு ஆறு என்று செட்டை இழந்தேன்.
இரவு, தோசை திருப்ப முழங்கை வரவில்லை.

குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் இருக்கை என்னுடையது.
காலை எட்டிலிருந்து வசைகள் வரும்,
சுழன்று, தாழ்ந்து,
சிலது உடம்பைக் குறிவைத்து.
"லாரி கிளம்பிடுச்சும்மா" என்று
உயரத் தூக்கிப் போடுவேன்.
அது இறங்குவதற்குள் எனக்கொரு மூச்சு.
சில நாள், நிஜமாகவே லாரி கிளம்பிவிடும்.
இதற்கு ஓர் ஆட்டம் என்று பெயர் இருப்பது
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கத்தரிப்பூவை எடுத்தேன்.
விரும்பி அல்ல, முழங்கைக்காக.
சித்திரையில் கடற்காற்று தாமதமாகத்தான் வரும்.
முதலில் வேப்பமர உச்சிக்கு,
பிறகு வலையின் ஓரத்துக்கு,
கடைசியாகக் கழுத்து வேர்வைக்கு.
இந்த வரிசை எனக்கு மனப்பாடம்.
உச்சி அசைந்ததும் பந்தை மேலே அனுப்பினேன்.
காற்று அதை வாங்கி, குறுக்கே கொஞ்சம் நகர்த்தி,
எப்சிபாவின் பேக்ஹேண்ட் பக்கம் வைத்தது.
ஓடினாள். எடுத்தாள்.
மறுபடி மேலே.
மறுபடி.
முட்டியைப் பிடித்துக் குனிந்து நின்றுதான் பேசினாள்:
"உன்கூட ஆடுறது
வாடகைக்கு வீடு தேடுற மாதிரி இருக்குடி."
இதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

புதன், பெரியமேடு.
கறுப்பைத் திருப்பிக் கொடுக்கையில்
விரல்கள் ஒரு நொடி விடவில்லை.
அந்த நாலாவது பந்து இன்னும் அதற்குள் இருந்தது.
ஷர்புதீன் வேறு பக்கம் பார்த்தான்.
பிறகு கத்தரிப்பூவைப் பிடிக்கச் சொல்லி,
விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
மறுகையின் ஆள்காட்டி விரலை விடச் சொன்னான்.
நுழைந்தது. "பிடி சரி."
"நரம்பு?"
"தளர்வா. நாப்பத்தெட்டு."
சீட்டில் பெயர், போன் நம்பர் எழுதி
'ஆட்டம்' என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினான்.
நிமிர்ந்தான்.

"எது வந்தாலும் திருப்பி அனுப்புவேன்."

எழுதிக்கொண்டான்.
நிறம் மட்டும் வேறு இருக்கிறதா என்று கேட்டேன்.
இல்லையாம்.