பழசாக்கும் வேலை

பிராண்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
காப்பியில் ஊறிய காடாத் துணியை
அவனில் வைத்து வாட்டினேன்
– அடுப்பைச் சொல்கிறேன் –
இருபது நிமிடத்தில் அதற்கு நூறு வயது.

கால் இரண்டும் ஒரே நீளமில்லை.
பஞ்சு போதாமல் கழுத்து துவண்டது;
சாப்ஸ்டிக் ஒன்றை ஒடித்து உள்ளே செருகினேன்.
கண்ணுக்குக் கறுப்பு நூலில் இரண்டு பெருக்கல் குறி.
வாய் கிடையாது. இந்த வகைப் பொம்மைக்கு
வாய் வைப்பதில்லையாம்.

உடுத்தத்தான் துணியில்லை.
அலமாரிக் கடைசியில் கட்டம்போட்ட ஃபிளானல் சட்டை,
அவன் விட்டுப்போனது
– இம்முறை அடுப்பில்லை.
கைப்பகுதி பாவாடையாயிற்று,
காலர் தொப்பி.
சட்டைப்பையை அப்படியே ஏப்ரனாக வெட்டும்போது
உள்ளே ஒரு பார்க்கிங் சீட்டு:
வினிபெக், செப்டம்பர் ஒன்பது, இரண்டு மணி நேரம்.

அன்றைக்கு அவன் ரெஜைனாவில் இருந்தான்.
அப்படித்தான் சொன்னான்.

எட்டாக மடித்தேன்.
முதுகுத் தையலை இரண்டங்குலம் பிரித்து
பஞ்சோடு திணித்து மூடினேன்.

சனிக்கிழமைச் சந்தையில்
டார்லீன் எடுத்துப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள்.
“உள்ளே ஏதோ சரசரக்குதே?”

தவிடு என்றேன்.
இருபத்தைந்து டாலர்.